119 கிலோவும் இரண்டு கால்களும்: ஒரு ஹெவிவெயிட் பையனின் நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. ஜொஹனஸ்பர்க்குக்குக் கிழக்கே, ஈஸ்ட் ராண்டில் ஒரு சின்ன மண்டபம். ரிங்கில் நின்றவன் என் அக்கா மகன். வயது 19, உயரம் 196 செ.மீ., எடை 119 கிலோ. எதிரே நின்ற பையன் 183 செ.மீ., 94 கிலோ. அமெச்சூர் குத்துச்சண்டையில் கடைசி எடைப்பிரிவுக்குக் கீழ்வரம்பு உண்டு, மேல்வரம்பு கிடையாது. அதனால் 25 கிலோ வித்தியாசத்தோடு இருவரையும் மோதவிடுவதில் விதிமீறல் எதுவும் இல்லை.

முதல் ரவுண்டில் எங்கள் பையன் எதிராளியைக் கயிற்றோரம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான். மண்டபம் ஆரவாரித்தது. இரண்டாம் ரவுண்டின் பாதியில் அவன் வாய் திறந்தது, வலது கை தாடையிலிருந்து மார்புக்கு இறங்கியது. அதற்குப் பிறகு அந்த 94 கிலோ பையன் உள்ளே வருவதும் மூன்று குத்து விட்டுப் பக்கவாட்டில் வெளியேறுவதுமாக இருந்தான். மூன்றாம் ரவுண்டில் ரெஃப்ரி இரண்டு முறை எட்டு வரை எண்ணிவிட்டுச் சண்டையை நிறுத்தினார்.

ஸ்டூலில் உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தபோது அவன் சொன்னது இதுதான்: "குத்து வலிக்கல மாமா. மூச்சு வரல. காலும் வரல."

டர்பனுக்குத் திரும்பிய பிறகு, எங்கள் இந்திய வம்சாவளி மக்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இவ்வளவு பெரிய பையன் எப்படி அந்தச் சின்னப் பையனிடம் தோற்றான்? அக்காவும் கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவளுக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அந்தப் பதிலைத் தேடி அடுத்த பதினான்கு மாதம் நான் பார்த்ததையும் செய்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பையன்

பள்ளியில் ரக்பி விளையாடியவன். முதல் வரிசையில் தோள் கொடுத்து முட்டுகிற இடம் அவனுடையது. என்னிடம் வந்தபோது பதினேழரை வயது. டர்பனில் எங்கள் சனத்தில் குத்துச்சண்டை பழகியவர்கள் பெரும்பாலும் மெலிந்த உடம்புக்காரர்கள், 50, 60 கிலோக்காரர்கள். இப்படி ஓர் உடம்பு ஜிம் வாசலில் குனிந்து நுழைந்தபோது எனக்கும் ஆசை வந்தது. அதை மறைக்க மாட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் அவனிடம், "நீ கையைத் தூக்கினாலே போதும்டா, எதிராளி விழுந்துடுவான்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள்.

முதல் தவறு என்னுடையது. அவன் எடைக்குப் பயிற்சித் துணை எங்கள் ஜிம்மில் இல்லை. 75 கிலோ பையன்களோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, விட்டேன். அவர்கள் பயந்து பின்வாங்கினார்கள், இவன் நடந்து போய் மூலையில் அடைத்தான். ஒரு வருடம் முழுக்க அவன் கற்றது அதை மட்டும்தான்: முன்னே நடந்தால் எதிரில் நிற்பவன் பின்னே போவான். பின்னே போகாத ஒருவனை அவன் முதன்முதலில் சந்தித்தது ஈஸ்ட் ராண்டில், அதுவும் கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டருக்கு மேலே.

பிராக்பன் சொன்ன பாடம்

அந்த மண்டபத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பிராக்பன் ஊரின் கார்னிவல் சிட்டி என்ற சூதாட்ட விடுதி இருக்கிறது. 2001 ஏப்ரல் 22 அன்று, அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தோதாக விடிவதற்கு முன்பே நடந்த சண்டையில் பிரிட்டனின் லெனக்ஸ் லூயிஸ் அங்கே உலக ஹெவிவெயிட் பட்டத்தை இழந்தார். லூயிஸ் உயரம் 196 செ.மீ., எங்கள் பையனின் அதே அளவு. அன்று எடை 253½ பவுண்டு, அதாவது சுமார் 115 கிலோ. அதுவரை அவர் ரிங்கில் ஏறியதிலேயே அதிக எடை. எதிரே ஹாசிம் ரஹ்மான், சுமார் 108 கிலோ, உயரத்திலும் குறைந்தவர். ரஹ்மான் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டியவர்களுக்கு ஒன்றுக்கு இருபது.

ஐந்தாம் ரவுண்டில் லூயிஸ் வாயால் மூச்சு வாங்கினார். கயிற்றில் முதுகு பட நின்றார், கை தாழ்ந்திருந்தது. ரஹ்மானின் ஒரே வலது குத்து. பத்து எண்ணி முடியும்வரை அவரால் எழ முடியவில்லை.

ரஹ்மான் சுமார் ஒரு மாதம் முன்பே தென்னாப்பிரிக்கா வந்து மேட்டுநிலக் காற்றுக்குப் பழகிக்கொண்டார். லூயிஸ் லாஸ் வேகாஸில் ஒரு சினிமா படப்பிடிப்பை முடித்துவிட்டு இரண்டு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் வந்தார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறையும். மெலிந்தவனும் திணறுவான், ஆனால் 115 கிலோவைச் சுமந்துகொண்டு நிற்பவன் முதலில் திணறுவான்.

இந்த நிகழ்வை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஏழு மாதம் கழித்து, 2001 நவம்பர் 17 அன்று லாஸ் வேகாஸில் அதே இருவர் மறுபடி மோதினார்கள். லூயிஸின் உயரம் மாறவில்லை, கை நீளம் மாறவில்லை. எடையை 246½ பவுண்டுக்குக் குறைத்து, ஜாபை (முன்கையால் விடும் நேர்க்குத்து) வைத்துத் தூரத்தைக் காத்து, நான்காம் ரவுண்டில் ரஹ்மானை வீழ்த்தினார். ஒரே உடம்பு, இரண்டு விளைவுகள். சோதனைச்சாலையில் கூட இவ்வளவு சுத்தமான ஒப்பீடு கிடைப்பது கடினம். உடம்பின் அளவே முடிவைத் தீர்மானிக்குமானால் இரண்டு சண்டையும் ஒரே மாதிரி முடிந்திருக்க வேண்டும்.

அளவு தருவது என்ன, எடுப்பது என்ன

அளவுக்குப் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் ரிங்கில் ஏறாதவர்கள். 1985-ல் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் ஃபிராங்க் புரூனோவின் குத்தை ஆய்வாளர்கள் அளந்தார்கள். கை விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் போய், 4000 நியூட்டனுக்கு மேல் விசையோடு இறங்கியது. 60 கிலோ பையன் அதே வேகத்தில் அடித்தாலும் அந்தக் கனம் வராது. கைக்குப் பின்னால் இடுப்பும், இடுப்புக்குப் பின்னால் காலும் வந்து சேரும்போதுதான் எடை குத்தாக மாறும். கால் நின்றுவிட்டால் கை மட்டும்தான் போகும். நூறு கிலோக்காரனின் கையும் தனியாகப் பார்த்தால் சில கிலோதான்.

கை நீளம் இரண்டாவது. லூயிஸின் கைவிரிவு 213 செ.மீ. தூரம் சரியாக இருந்தால் எதிராளியின் குத்து எட்டாத இடத்தில் நின்று அவர் குத்தலாம். மூன்றாவது, வெளியே அதிகம் பேசப்படாதது, கிளிஞ்ச். கழுத்தில் கை போட்டு எடையைச் சாய்த்தால் எதிராளியின் தொடையும் முதுகும்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். 2020 பிப்ரவரியில் டைசன் ஃப்யூரி 273 பவுண்டோடு 231 பவுண்டு டியோன்டே வைல்டர் மேல் சாய்ந்து சாய்ந்தே அவர் காலைக் கரைத்தார். ஏழாம் ரவுண்டில் வைல்டரின் மூலையிலிருந்து, தோல்வியை ஒப்புக்கொண்டு, துண்டு விழுந்தது.

இனி செலவுக் கணக்கு. உயரம் கூடும்போது உடம்பின் கனம் அதைவிட வேகமாகக் கூடுகிறது, அதைத் தூக்குகிற தசையின் பலம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் பெரியவனுக்கு ஒவ்வோர் அடியும் விலை அதிகம். தாடை இன்னொன்று. குத்துப்பட்டுத் தலை சட்டென்று திரும்பும்போது மண்டைக்குள் மூளை குலுங்குவதால்தான் ஆள் மயங்குகிறான். கழுத்துத் தசை கொஞ்சம் தாங்கும், ஆனால் 119 கிலோக்காரனின் மூளை 94 கிலோக்காரனின் மூளையைவிட உறுதியானதல்ல.

வரலாறும் இதையே சொல்கிறது. 1919-ல் ஜெஸ் வில்லார்டு 245 பவுண்டு, அவரை ஒரே ரவுண்டில் ஏழு முறை கீழே தள்ளிய ஜாக் டெம்ப்சி 187. 2009-ல் டேவிட் ஹே தன்னைவிடச் சுமார் 45 கிலோ கனமான, ஏழடி நிக்கோலாய் வாலுயெவை, நிற்காமல் நகர்ந்து புள்ளிகளில் வென்றார். எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 49 சண்டையும் ஜெயித்த ராக்கி மார்சியானோ இன்றைக்கு வந்தால் ஹெவிவெயிட்டே கிடையாது, 200 பவுண்டுக்குக் கீழே குரூசர்வெயிட்டில்தான் நிற்பார். லூயிஸுக்குப் பிறகு கிளிட்ச்கோ சகோதரர்கள், ஃப்யூரி, ஜோஷுவா என்று பட்டம் பெரும்பாலும் ஆறரை அடிக்காரர்களிடமே சுற்றியது. பெரியவர்கள் பழகத் தொடங்கினால் சின்னவர்களுக்கு வழி குறுகுகிறது.

"பழகத் தொடங்கினால்" என்ற சொல்லுக்கு ஓர் ஆள் உண்டு: டெட்ராயிட்டின் பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்ட். 1994-ல் ஆலிவர் மெக்கால் லூயிஸை வீழ்த்தியபோது மெக்காலின் மூலையில் இருந்தவர். அதன் பிறகு லூயிஸே அவரிடம் போய்ச் சேர்ந்தார். பின்னர் விளாடிமிர் கிளிட்ச்கோவும். உயரமானவனுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததன் சாரம் மூன்று: இடது கையால் தூரத்தை வை, அதைத் தாண்டி வந்தால் பிடித்துக்கொள், காலை உனக்குக் கீழேயே வைத்திரு. 2020-ல் ஃப்யூரியின் மூலையில் நின்ற சுகர்ஹில், ஸ்டூவர்ட்டின் சொந்த மருமகன். மாமனிடமிருந்து மருமகனுக்குப் போன கலை. என் அக்கா மகனுக்குக் கற்றுக்கொடுக்கிற எனக்கு அது ஒரு தெம்பு.

தைப்பூசத்தன்று கண்டது

தோல்விக்குப் பிறகு அவன் காலைத் திருத்த நான் செய்த எதுவும் முதலில் பலிக்கவில்லை. ஸ்கிப்பிங் கொடுத்தேன், கயிறு தட்டியது. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டேன், எண்ணி எண்ணி நடந்தான். இவனுக்குக் கால் கிடையாது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த தைப்பூசத்தில் அவன் கிளேர்வுட் கோயிலில் காவடி எடுத்தான். பத்து நாள் விரதம், வெறுங்கால், தோளில் மயிற்பீலியும் சாமந்தியும் கட்டிய காவடி. உறுமியும் மேளமும் ஏறியபோது அவன் ஆடத் தொடங்கினான். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சின்னச் சின்ன அடி. பாதம் தரையை விட்டு ஒரு விரல்கடைக்கு மேல் எழவில்லை. முழங்கால் மடிந்தே இருந்தது. கால்கள் ஒன்றை ஒன்று தாண்டவே இல்லை. காவடி பக்கவாட்டில் சாய்ந்தபோதெல்லாம் அவன் இடுப்பு தானாகவே அதற்கு அடியில் போய் நின்றது. ஜிம்மில் நான் ஆறு மாதமாகக் கத்திக்கொண்டிருந்த எல்லாமே அங்கே இருந்தது. மேல்சுமையைத் தாங்கிக்கொண்டு, சமநிலை குலையாமல், எந்தத் திசைக்கும் திரும்பத் தயாராக.

அவனுக்குக் கால் இருந்தது. ரிங்கில் ஏறியதும் அதை மறந்து, தன் உடம்பை எதிராளி மேல் போடுகிற பாறையாக நினைத்துக்கொண்டான். காவடி எடுக்கும்போது மட்டும் அது தான் சுமக்க வேண்டிய பாரம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

சாமி காரியத்தைச் சண்டைக்குப் பயன்படுத்தலாமா என்று எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. அக்காவிடம் கேட்டேன். "முருகனே வேல் பிடிச்ச சாமிதானே, கேட்டா கோவிச்சுக்க மாட்டார்" என்றாள். அடுத்த வாரம் ஜிம்மில் மேளம் ஒலிக்கவிட்டேன். தோள் மேல் ஒரு மூங்கிலைக் குறுக்கே வைத்து, அதன் இரு முனையிலும் தண்ணீர்ப் புட்டிகளைக் கட்டி, ரிங்கைச் சுற்றி வரச் சொன்னேன். மூன்று வாரத்தில் மூங்கிலை எடுத்துவிட்டோம். கால் அப்படியே இருந்தது.

மாற்றியவை

எடை 119-லிருந்து 111-க்கு வந்தது. பட்டினி போடவில்லை. அக்கா இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே வைத்தாள், ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றித் தரும் வெள்ளிக்கிழமை பன்னி சோவ் நின்றது. காலையில் கடற்கரை மணலில் ஓட்டம்: மூன்று நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நடை, ரவுண்டின் அளவிலேயே.

ஸ்பாரிங்கில் ஒரு புது விதி. இரண்டு மாதத்துக்கு வலது கையால் அடிக்கக் கூடாது. ஜாபும் காலும் மட்டும். 70 கிலோ பையன்களுக்கு முதன்முறையாக அவனை அடிக்கிற வாய்ப்புக் கிடைத்தது, அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். முதல் மூன்று வாரம் அவன் மூக்கு வீங்காத நாள் குறைவு. நான்காவது வாரத்திலிருந்து அவர்கள் உள்ளே வருவது குறைந்தது. ஜாப் விட்ட கையை அவன் எதிராளியின் நெற்றிக்கு நேரே ஒரு கணம் நிறுத்தி வைக்கக் கற்றுக்கொண்டான். எதிராளி அந்தக் கையைச் சுற்றி வருவதற்குள் இவன் கால் மாறியிருக்கும்.

2024 மே 18 நள்ளிரவு, அக்கா வீட்டில் எல்லோரும் சேர்ந்து ரியாத் சண்டையைப் பார்த்தோம். ஃப்யூரி 206 செ.மீ., 262 பவுண்டு. ஒலெக்சாண்டர் உசிக் 191 செ.மீ. நடு ரவுண்டுகளில் ஃப்யூரி அப்பர்கட்டால், அதாவது கீழிருந்து மேலே ஏறும் குத்தால், உசிக்கை வாட்டியபோது வீடு முழுக்க, "பார்த்தியா, பெரியவன் பெரியவன்தான்" என்று குரல். ஒன்பதாம் ரவுண்டில் உசிக்கின் இடது கை இறங்க, ஃப்யூரி கயிறுகளுக்கிடையே பந்தாடப்பட்டு எண்ணிக்கை வாங்கினார். முடிவு, இரண்டு நடுவர் உசிக் பக்கம், ஒருவர் ஃப்யூரி பக்கம்.

என் மருமகன் கத்தவில்லை. டீக்கோப்பையைக் கையில் வைத்தபடி உசிக்கின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, அவரு முன்கால் எப்பவும் ஃப்யூரி காலுக்கு வெளிப்பக்கமே இருக்கு" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் ஓராண்டு காத்திருந்தேன்.

டர்பனும் மறுபடி மேட்டுநிலமும்

ஜூலையில் டர்பனில் ஒரு சண்டை. எதிராளி 101 கிலோ. மூன்று ரவுண்டும் ஜாபால் ஆடி, எல்லா நடுவர்களின் அட்டையிலும் ஜெயித்தான். ஊரே கொண்டாடியது. நான் அதை ஆய்வுக் கணக்கில் சேர்க்கவில்லை. கடல் மட்டத்துக் காற்றில் ஜெயித்தது காலாலா மூச்சாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தோற்ற இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

அக்டோபரில் மறுபடி பக்கியில் (பிக்-அப் வண்டி) ஏறி என்3 நெடுஞ்சாலையில் வடக்கே போனோம். மேட்டுநிலத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் தேவை. அவ்வளவு நாள் தங்க எங்களிடம் வசதி இல்லை. அதனால் சண்டைக்கு அன்று காலையிலேயே போய்ச் சேருவது என்று முடிவு செய்தோம். முதல் ரவுண்டில் வேகத்தைக் குறைத்து, குத்துக்குக் குத்து இடைவெளி விட்டு ஆடு என்றேன். கேட்டான்.

எதிராளி 97 கிலோ, இடக்கைக்காரன். மூன்றாம் ரவுண்டு மணி அடித்தபோது எங்கள் பையன் வாய் மூடியிருந்தது, கை தாடையில் இருந்தது. ஸ்டூலிலிருந்து தானாகவே எழுந்தான். ஆனால் அந்த இடது நேர்க்குத்து மூன்று முறை அவன் தற்காப்புக் கைகளின் நடுவே வந்து விழுந்தது. மூன்றில் இரண்டு நடுவர் எதிராளிக்குக் கொடுத்தார்கள். தீர்ப்பு சரியே.

இந்தத் தோல்வியை நான் முதல் தோல்வியோடு சேர்த்து எண்ண மாட்டேன். முதலாவதில் அவன் உடம்பு அவனைக் கைவிட்டது. இரண்டாவதில் உடம்பு கடைசிவரை கூடவே நின்றது, பாடம்தான் பாக்கி இருந்தது. இடக்கையனிடம் உயரமான வலக்கையனின் ஜாப் பாதி மடங்கிப் போகும். முன்கையும் முன்கையும் ஒரே கோட்டில் மோதிக்கொள்ளும், தூரத்தைக் காக்கிற கருவியே தடுக்கப்பட்டுவிடும். ஈஸ்ட் ராண்டிலிருந்து திரும்புகிற வழி முழுக்க நான் கோரி சாண்டர்ஸைப் பற்றியே பேசினேன். பிரிட்டோரியாக்காரர், இடக்கையர், கோல்ஃப் பிரியர். 2003 மார்ச் 8 அன்று ஜெர்மனியின் ஹனோவரில், 37 வயதில், தன்னைவிட உயரமும் எடையும் கூடிய விளாடிமிர் கிளிட்ச்கோவை இரண்டு ரவுண்டுக்குள் நான்கு முறை தரையில் போட்டார். அந்த இடது கை எங்கிருந்து வருகிறது என்றே கிளிட்ச்கோவுக்குத் தெரியவில்லை. அதே கிளிட்ச்கோ ஸ்டூவர்ட்டிடம் போய்த் தூரம் காக்கப் பழகி, 2006 முதல் 2015 வரை பட்டத்தை விடவில்லை.

"அப்போ அவரும் முதல்ல தோத்தாருதான்" என்றான் பையன், வழியில் ஹாரிஸ்மித் ஊரைத் தாண்டும்போது.

இப்போது டர்பனின் மெர்பேங்கிலிருந்து ஓர் இடக்கைப் பையன் வாரத்தில் மூன்று நாள் எங்கள் ஜிம்முக்கு வருகிறான். 82 கிலோதான், ஆனால் பின்வாங்குகிற பழக்கம் இல்லாதவன். தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். எதிராளியின் முன்காலுக்கு வெளியே தன் இடது பாதத்தை வைத்த பிறகே வலது கையை விட வேண்டும் என்பது விதி. நேற்று ஒரு ரவுண்டில் பத்து முறை முயன்று நான்கு முறை சரியாக வைத்தான்.